'ஹேப்பி பர்த்டே'யைப் படுக்கவெச்சு அடிச்ச பிரின்டர்!

மொத்த விலைக் கடையில பில் போடும்போது 'கிர்ர்ர்... கிர்ர்ர்'னு காதைக் கிழிக்குமே ஒரு பிரின்டர், கவனிச்சிருக்கீங்களா? ரெண்டு ஓரத்துலயும் வரிசையா ஓட்டை போட்ட தாள், மடிப்பு மடிப்பா கீழே இருந்து ஏறி வரும். இந்த டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர்தான், 1980-களில் அமெரிக்க வீடுகளுக்குப் பிறந்தநாள் பேனர் அடிச்சுக் கொடுத்துச்சு.

ஆனா, கதை அதுக்கும் முன்னாடியே ஆரம்பிக்குது. 1959-ல் ஐ.பி.எம் கொண்டுவந்த 1403 பிரின்டருக்கு எழுத்து, எண், சில குறிகள் மட்டும்தான் தெரியும். வரிக்கு 132 எழுத்து, அவ்வளவுதான். படமா? வாய்ப்பே இல்லை!

கம்ப்யூட்டர் அறையில இருந்தவங்க சும்மா இருப்பாங்களா? புள்ளி வெளிறித் தெரியும், 'எம்' கறுப்பா தெரியும். இதை வெச்சே நிழலும் வெளிச்சமும் கொண்டுவந்தாங்க. இன்னும் கறுப்பு வேணுமா? ஃபோர்ட்ரான் மொழியில வரியோட முதல் இடத்துல ஒரு '+' போட்டா தாள் நகராது. அடிச்ச எழுத்து மேலேயே இன்னொரு எழுத்து விழும். கொஞ்சம் தள்ளி நின்னு பார்த்தா, ஸ்நூப்பி நாய் சிரிக்கும்! ஸ்நூப்பி காலண்டர்கள் அப்போ ரொம்பப் பிரபலம். படம், ஓட்டை போட்ட அட்டைக் கட்டா கைமாறும். கட்டு தவறி விழுந்து வரிசை கலைஞ்சா, ஸ்நூப்பியோட காது காலுக்குப் போயிடும்.

வீட்டுக்கு வந்த டாட் மேட்ரிக்ஸ்ல அச்சு எழுத்தே கிடையாது. பெரும்பாலும் 9 ஊசிகள், மை தோய்ச்ச ரிப்பன் மேல தட்டித் தட்டிப் புள்ளி வைக்கும். கிட்டத்தட்ட கோலம் மாதிரிதான். (தட்டி அடிக்கிறதாலதான் கார்பன் காப்பி விழுது. கடைகள் இன்னும் இதைக் கைவிடாததுக்கு அதுவும் ஒரு காரணம்.)

1984-ல் புரோடர்பண்ட் நிறுவனம் 'தி பிரின்ட் ஷாப்' மென்பொருளை வெளியிட்டுச்சு. உருவாக்கியவங்க டேவிட் பால்சம், மார்ட்டின் கான். வாழ்த்து அட்டை, லெட்டர்ஹெட், பேனர்... என்ன வேணும்னு தேர்ந்தெடுத்தா போதும். தாளோட அகலம் குறைவு, நீளத்துக்கோ முடிவே இல்லை. அதனால பேனர் எழுத்துகளைப் பக்கவாட்டுல சாய்ச்சு, தாளோட நீளத்துக்கு அடிச்சாங்க. 'எச்' படுத்துக்கிட்டே வெளியே வரும்போது, பார்க்க 'ஐ' மாதிரி இருக்கும். தலையைச் சாய்ச்சுதான் படிக்கணும்.

இதுல பதற்றமும் உண்டு. கறுப்பை அள்ளிப் பூசுறதால ரிப்பன் வெளுத்து, 'ஹேப்பி' கறுப்பாவும் 'பர்த்டே' சாம்பலாவும் வரலாம். ஓரத்து ஓட்டை பல்சக்கரத்துல இருந்து நழுவினா, எழுத்து கோணிக்கும். குழந்தையோட பெயர்ல ஸ்பெல்லிங் தப்புன்னு கடைசி எழுத்துலதான் தெரிஞ்சதுன்னா? அத்தனை அடி தாளும் குப்பைக்கு. கேக் வெட்டுற நேரம் வேற நெருங்கிடும்!

வேடிக்கை என்னன்னா, அதே 1984-லதான் ஹெச்.பி-யின் லேசர்ஜெட்டும் வந்துச்சு. சத்தமில்லை, எழுத்தும் பளிச். ஆனா, தாள் தனித்தனி. பேனர் வேணும்னா நாமதான் செலோடேப் போட்டு ஒட்டணும்.

அடுத்த தடவை கடைக்காரர் பில்லைக் கிழிக்கும்போது, அந்த ஓட்டைப் பட்டைகளைக் கேட்டு வாங்கிக்கோங்க. ரெண்டு பட்டையைக் குறுக்கா வெச்சு மாத்தி மாத்தி மடிச்சா, அருமையான ஸ்பிரிங். அந்தக் காலப் பசங்களுக்கு பேனரைவிட இதுதான் பிடிச்சிருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம்.