பெரிய டயர் நான்கு, ஸ்டெப்னி மட்டும் பழையதா?

பிக்கப்புக்கும் ஜீப்புக்கும் பெரிய டயர் மாட்டுகிறவர்களில் பலர் நான்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கம்பெனி கொடுத்த பழைய ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் அப்படியே தொங்கும். ஒருநாள் பஞ்சராகி அந்தச் சின்னச் சக்கரத்தைப் பின்னால் மாட்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

245/75 ஆர்16 டயரின் உயரம் ஏறக்குறைய 774 மி.மீ. அதே டிஸ்க்கில் 265/75 ஆர்16 போட்டால் 804 மி.மீ. மூன்று சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் ஒரு கிலோமீட்டருக்குப் பெரிய டயர் 396 முறை சுழன்றால், சின்னது 411 முறை சுழல வேண்டும். ஒரே அச்சின் இரண்டு பக்கமும் இப்படி இருந்தால், வளைவில் சில நொடி மட்டும் வேலை செய்ய வேண்டிய டிஃபரன்ஷியல் நேர் சாலையிலும் ஓயாமல் வேலை செய்யும். லிமிடெட் ஸ்லிப் உள்ள வண்டியில் உள்ளிருக்கும் கிளட்ச் தகடுகள் சூடேறித் தேயும். அந்த நிலையில் ஃபோர் வீல் டிரைவையும் போட்டுத் தார்ச்சாலையில் ஓட்டினால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறுக்கும். ஒரு சக்கரம் மட்டும் எப்போதும் வேகமாகச் சுழல்வதைப் பார்த்து ஏ.பி.எஸ். எச்சரிக்கை விளக்கு எரியவும் வாய்ப்புண்டு. சரக்கேற்றிய வண்டி கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது இதையெல்லாம் சோதித்துப் பார்க்கக் கூடாது.

ஆகவே ஐந்தாவது டயரையும் அதே பில்லில் வாங்குங்கள். அளவும் பட்டனும் டிஸ்க்கும் மற்ற நான்கைப் போலவே இருக்கட்டும். செலவு கூடும்தான். ஆனால் ஐந்தையும் முறை மாற்றி ஓட்டினால் எல்லாம் ஒரே சீராகத் தேயும். ஸ்டெப்னி ஓடாமலே கிழடாகிப் போவதும் தவிரும்.

அகலமான டயர் ஸ்டெப்னி இடத்தில் நுழையவில்லையா? அதற்கும் வழி உண்டு. ஸ்டெப்னியில் முதலில் பொருந்த வேண்டியது உயரம். 235/85 ஆர்16 டயரின் உயரம் சுமார் 806 மி.மீ.; 265/75 ஆர்16-க்கும் அதற்கும் இரண்டு மி.மீ.தான் வேறுபாடு, அகலமோ மூன்று சென்டிமீட்டர் குறைவு. இப்படி உயரம் ஒத்த ஒல்லியான டயரைக் கேட்டு வாங்கலாம். டிஸ்க் அகலத்துக்கு அது ஏற்றதா, சுமை எண் கம்பெனி டயரைவிடக் குறையவில்லையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஸ்டெப்னியைத் தவிர வேறில்லை என்றால், பின்சக்கர இழுவை வண்டியில் அதைப் பின்னால் மாட்டாதீர்கள். பஞ்சரானது பின் டயர் என்றால் முன்னாலிருந்து நல்ல டயரைக் கழற்றிப் பின்னால் போட்டு, சின்னதை முன்னால் மாட்டுங்கள். ஃபோர் வீல் டிரைவைத் தொடாமல், மெதுவாக, அருகிலிருக்கும் பஞ்சர் கடைவரை மட்டும் ஓட்டுங்கள்.

மாட்டும் இடத்தையும் பாருங்கள். அடியில் தொங்கும் பெரிய டயர் சைலன்சர் குழாயில் உரசலாம்; பின்கதவில் மாட்டினால் கூடுதல் எடையைக் கீல்தான் தாங்க வேண்டும். அலாய்க்கும் இரும்பு டிஸ்க்குக்கும் வீல் நட் வேறாக இருந்தால் இரண்டு செட்டும் வண்டியில் இருக்க வேண்டும். கம்பெனி ஜாக்கி புதிய உயரத்துக்கு எட்டுகிறதா என்று கடை வாசலிலேயே ஒருமுறை தூக்கிப் பார்த்துவிடுங்கள். இருட்டில், நெடுஞ்சாலை ஓரத்தில், குடும்பத்தோடு நிற்கும்போது எட்டவில்லை என்று தெரிந்து பயனில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளரே கையேட்டில் தந்திருக்கும் அளவுகளுக்குள் நிற்பதுதான் பாதுகாப்பு. அதைத் தாண்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். டயர் அளவு மாறியதை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மறைத்த மாற்றம் விபத்துக்குப் பின் இழப்பீட்டைத் தட்டிக்கழிக்கக் காரணமாகலாம்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு: 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். “எல்லா வண்டிக்கும் பொருந்தும் சார்” என்று கடைக்காரர் சொன்னால், அளவையும் வண்டி மாடலையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பொருந்தாததையோ பழையதையோ புதிதென்று தலையில் கட்டினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். அதிலும் தீரவில்லை என்றால், இரண்டு ஆண்டுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது.