ஒருபுற விறைப்பும் வலுவிழப்பும்: இடமும் காலமும் காட்டும் காரணங்கள்

ஒரு கையும் அதே பக்கத்துக் காலும் விறைத்து, ஊசி குத்துவது போன்ற உணர்வுடன் வலுவிழக்கும் நிலையை நம்மவர் நெடுங்காலமாகப் பாரிசவாதம் என வழங்கி வந்துள்ளனர். 'பாரிசம்' என்பது பக்கம். 'வாதம்' என்பது சித்த மருத்துவம் கூறும் முக்குற்றங்களுள் ஒன்று. நோய் தோன்றும் இடமும் முன்னோர் கருதிய காரணமும் ஆகிய இரண்டும் அப்பெயரில் அடங்கியுள்ளன. இடம்பற்றிய செய்தி இன்றும் பொருந்தும். காரணம்பற்றியதே மீள நோக்கற்குரியது. ஒருபுறம் மட்டும் பாதிக்கப்படுவது ஏன், அவ்வாறு பாதிப்பன யாவை என்னும் இரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வோம்.

1. இடம்

தலையின் ஒருபுறம் காயமுற்றவருக்கு உடலின் மறுபுறத்தில் வலிப்புத் தோன்றுவதைக் கிரேக்க மருத்துவ நூலார் பண்டே கண்டிருந்தனர். பின்வந்த அரேற்றேயஸ் என்பார், நரம்புகள் தம் தோற்றுவாயில் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்வதே இதற்குக் காரணம் என்றார். இயக்க நரம்பிழைகளுட் பெரும்பாலானவை நீள்வளைய மையவிழையத்தின் அடிப்பாகத்தில் மறுபுறம் கடக்கின்றன என்பதை உடற்கூற்றியல் பின்னர் உறுதிசெய்தது. எனவே மூளையின் இடப்பாதி ஊறுபடின் வலக்கையும் வலக்காலும் சோரும். பெரும்பாலாரிடத்து மொழியும் இடப்பாதியைச் சார்ந்ததாகலின், அத்துடன் பேச்சும் குழறலாம்.

முண்ணாணின் ஒருபாதி மட்டும் ஊறுபடின் நிலைமை வேறாகும். வலுவிழப்பு அதே பக்கத்திலும், வலியையும் வெப்பத்தையும் உணரும் ஆற்றலின் இழப்பு எதிர்ப்பக்கத்திலும் காணப்படும். ஓர் உறுப்பின் நரம்பு மட்டும் நெருக்குண்டால், விறைப்பு அவ்வுறுப்பில் அந்நரம்பு பரவும் பகுதியுடன் நின்றுவிடும். நீரிழிவினால் வரும் நரம்புச் சிதைவோ பொதுவாக இரு பாதங்களிலும் ஒருசேரத் தொடங்குவது. முகம், கை, கால் ஆகிய மூன்றும் ஒரே பக்கத்தில் பாதிக்கப்படின் மூளையையே முதலில் ஐயுறல் வேண்டும்.

2. காலம்

இடத்தை அறிந்தபின், குறிகள் தோன்றிய வேகம் காரணத்தை நோக்கி நம்மை இட்டுச் செல்கிறது.

நொடிப்பொழுதில் தோன்றி உடனேயே முழுமை பெறுவது பெரும்பாலும் குருதிக்கலன் சார்ந்தது. மூளையின் நாடி ஒன்று அடைபடலாம். அன்றி, வெடித்துக் குருதி கசியலாம். உயர் குருதியமுக்கம், நீரிழிவு, புகைத்தல், ஒழுங்கற்ற இதயத்துடிப்பு என்பன இவற்றுக்கு வழிகோலுவன.

சில நொடிகளில் விரலிலிருந்து தோள்வரை ஓடும் கூச்சம் வலிப்பின் குறியாகலாம். வலிப்பு நீங்கியபின் சிலருக்கு அப்பக்கம் சில மணிநேரம் சோர்ந்திருப்பதும் உண்டு.

பல நிமிடங்களில் மெல்ல மெல்லக் கையிலிருந்து முகத்துக்கு ஏறும் விறைப்பு, ஒற்றைத் தலையிடியின் முன்னோடியாகலாம். தமக்கு நேர்ந்த பார்வைக் குழப்பத்தை அளந்த அமெரிக்க உளவியலாளர் லாஷ்லி, மூளை மேற்பட்டையில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வேகத்திற் பரவுவதாக 1941இற் கணித்தார். 1944இற் பிறேசில் நாட்டு லெயாவோ, முயலின் மூளையில் ஏறத்தாழ அதே வேகத்திற் செல்லும் செயலொடுக்க அலையைக் கண்டார்.

நாட்கணக்கில் முதிர்வது நரம்புறை அழற்சியாகலாம். வாரக்கணக்கில் வளர்வது கட்டியாகவோ, முதியோரிடத்துச் சிறு விழுகையின் பின் மண்டையோட்டினுட் தேங்கிய குருதியாகவோ இருக்கலாம். குருதியிற் சர்க்கரை மிகத் தாழ்வதும் சிலவேளை பாரிசவாதத்தைப் போலவே தோற்றும். சிறு குருதிச் சோதனை ஒன்று இதனை உடனே வெளிப்படுத்தும்.

3. அடைப்பா, கசிவா?

அடைப்பும் கசிவும் வெளித்தோற்றத்தில் ஒத்தவை, சிகிச்சையிலோ நேர்மாறானவை. அடைப்பைக் கரைக்கும் மருந்து கசிவை மிகுவிக்கும். வீட்டில் அஸ்பிரின் கொடுத்துப் பார்ப்பதும் இதனாலேயே தவறாகும். 1971இல் ஹவுன்ஸ்பீல்டின் சீ.ரீ. கருவி முதல் நோயாளியின் மூளையைப் படம்பிடித்த பின்னரே, இவ்விரண்டையும் உயிருள்ளோரிடத்து விரைந்து வேறுபடுத்துவது இயல்வதாயிற்று. கரைப்பு மருந்து 3 மணிநேரத்துள் பயன்தரும் என 1995இலும், 4½ மணிநேரம்வரை பயன்தரும் என 2008இலும் ஆய்வுகள் காட்டின. பெருநாடி அடைப்பைக் கருவி கொண்டு அகற்றுவதன் பயனை 2015இல் வெளியான ஆய்வுகள் நிலைநாட்டின. பெருநாடி அடைப்பின்போது நிமிடம் ஒன்றுக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக்கலங்கள் அழிவதாக 2006இல் ஒரு கணிப்பு வெளியாயிற்று.

4. தானே மாறிய விறைப்பு

நம்மிடையே மிக எளிதாகப் புறக்கணிக்கப்படுவது, சில நிமிடங்களில் தானே மாறிவிடும் விறைப்பாகும். 'காற்றுப் பிடித்தது, எண்ணெய் பூசினோம், சுகமாயிற்று' என்போர் பலர். குருதி தற்காலிகமாகத் தடைப்பட்டு மீண்டிருப்பின், எண்ணெய்க்கு அதிற் பங்கில்லை; அடுத்துவரும் முழு அடைப்புக்கு அது முன்னறிவிப்பாகும். இடர் மிகுதியும் முதல் இரு நாட்களிலேயே உள்ளது. இத்தகையோருக்கு உடனடிச் சிகிச்சை அளித்தபோது, 90 நாட்களுள் மீளத் தாக்குண்டோர் வீதம் 10.3இலிருந்து 2.1 ஆகக் குறைந்ததை 2007இல் ஒக்ஸ்போட் ஆய்வு ஒன்று காட்டியது. பயன்பட்டவை பெரும்பாலும் விலைகுறைந்த, பழகிய மருந்துகளே.

ஆகவே, முகங் கோணல், கை சோர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றின், அது தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே வைத்தியசாலை செல்லுதல் வேண்டும். மாறிவிட்டாலும் செல்லுதல் வேண்டும். எனினும் அறிவு மட்டும் போதாது. படக்கருவியும் மருந்தும் தலைநகரில் இருக்க, நோயாளி பல மணிநேரத் தொலைவிற் கிடப்பின், விஞ்ஞானம் தந்த அவகாசம் வீதியிலேயே கழிந்துவிடும். அத்தொலைவைக் குறைப்பது மருத்துவரின் பொறுப்பு மட்டுமன்று. சமுதாயத்தின் பொறுப்புமாகும் என்பதே எமது துணிபு.