ராமேஸ்வரத்தில் ரூம் போட்டாச்சா?

தை அமாவாசைக்கு முந்தைய விடியற்காலை. கோயிலுக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றின் வாசலில் பைகளும் பாட்டியுமாக ஒரு குடும்பம். அப்பா நீட்டிய போனில் வாட்ஸ்அப் ரசீது: லாட்ஜின் பெயர், படம், அட்வான்ஸ் தொகை எல்லாம் சரியாக இருக்கிறது. கவுன்ட்டரில் இருந்தவர் ஒருமுறை பார்த்துவிட்டு, "இந்த நம்பர் எங்களது இல்லீங்க" என்றார். அமாவாசைதோறும் நான் பார்க்கிற காட்சி இது.

நான்கு ரத வீதிகளுக்குள், அக்னி தீர்த்தத்துக்கு நடக்கிற தூரத்தில் எல்லோருக்கும் அறை வேண்டும். அவசரத்தில் கூகுளில் முதலில் வந்த நம்பருக்குப் பணம் போட்டுவிடுகிறோம். யாத்ரீகர்களைக் குறிவைக்கும் போலி புக்கிங் தளங்கள் பற்றி மத்திய உள்துறை அமைச்சகம் 2025 ஏப்ரலிலேயே எச்சரித்தது. யார் காதில் விழுந்தது?

யூபிஐ-யில் லாட்ஜ் பெயருக்குப் பதில் யாரோ ஒருவர் பெயர் வந்தால் நிறுத்தி விசாரியுங்கள். "பணம் ஏறல, இன்னொரு தடவை போடுங்க, திரும்பி வந்துடும்" என்றால் மோசடியேதான். நமக்குப் பணம் திரும்பி வர நாம் பின் நம்பர் போடத் தேவையில்லை.

ஏமாந்தது தெரிந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். தரிசனம் முடித்து வந்து அல்ல, அப்போதே. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க அதுதான் வழி. யூபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், அனுப்பிய நேரம், எதிராளியின் போன் நம்பர், வாட்ஸ்அப் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். கோபத்தில் எதையும் அழிக்காதீர்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிந்து, ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். "உங்க ஊர் ஸ்டேஷன்ல போய்க் கொடுங்க" என்று போலீஸார் கைகாட்டினால் நகராதீர்கள். குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு.

அசல் லாட்ஜே அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதா? அது சேவைக் குறைபாடு. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் சொல்லுங்கள். தீரவில்லையென்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். ராமேஸ்வரத்துக்கு அலைய வேண்டாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, பணம் கட்டியதற்கான ஆதாரம் வேண்டும்.

பெரும்பாலோர் "சாமி பார்த்துக்கும்" என்று ஊர் திரும்பிவிடுகிறார்கள். சாமி 1930-க்கு போன் செய்யாது. நீங்கள்தான் செய்ய வேண்டும், உடனே.