இன்சுலினும் உடலின் எதிர்ப்பும்

தனக்குரியதையும் அயலானதையும் பிரித்தறியும் ஆற்றல் நம் உடலுக்கு உண்டு. அயற்பொருள் உட்புகுந்தால், அதனைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களை உடல் தோற்றுவிக்கிறது. கிருமிகளிடமிருந்து நம்மைக் காக்கும் இவ்வரண், உயிர் காக்கும் மருந்தையே அயலானதாகக் கொண்டால் என்னாகும்? நீரிழிவுக்குரிய இன்சுலினின் வரலாற்றில் இதற்கு விடை காண்போம்.

1922 சனவரி 11ஆம் நாள், கனடாவின் டொராண்டோ நகரில் லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு, அந்நகர ஆய்வாளர் பிரித்தெடுத்த இன்சுலின் சாறு முதன்முதலாக ஊசிவழிச் செலுத்தப்பட்டது. தூய்மை குறைந்த அச்சாற்றால் ஊசியிட்ட இடத்தில் கட்டி தோன்றியது. 12 நாள் கழித்து, கோலிப் என்பார் தூய்மைப்படுத்திய சாறே பயன் தந்தது. பின்னர்ப் பல்லாண்டுகள் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே இன்சுலின் பெறப்பட்டது. மனித இன்சுலினின் 51 அமினோ அமிலங்களுள் பன்றியினது ஒன்றிலும், மாட்டினது மூன்றிலும் வேறுபடும்.

இத்துணைச் சிறிய மூலக்கூறு எதிர்ப்பொருளைத் தூண்டாது என்றே அறிஞர் பலர் நம்பினர். நியூயார்க் நகரில் சாலமன் பெர்சன், ரோசலின் யாலோ ஆகிய இருவரும் கதிரியக்க அயோடின் இணைத்த இன்சுலினைச் செலுத்தி ஆராய்ந்தனர். முன்னரே இன்சுலின் பெற்றவர்தம் குருதியில் அது நெடுநேரம் தங்கியது. எதிர்ப்பொருள்கள் அதனைப் பற்றி நிறுத்தியதே காரணம். 1956இல் வெளிவந்த அவர்தம் கட்டுரையின் தலைப்பில் 'இன்சுலின் எதிர்ப்பொருள்' என்னும் தொடரை இதழாசிரியர்கள் ஏற்கவில்லை. எனினும் அவ்வுண்மையே, குருதியில் மிக நுண்ணளவில் உள்ள சுரப்புநீர்களை அளக்கும் முறைக்கு வழிகோலிற்று. அதற்காக யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றார். பெர்சன் 1972இலேயே மறைந்தார்.

இவ்வெதிர்ப்பு பல வடிவில் தோன்றும். ஊசியிட்ட இடம் சிவந்து அரிக்கலாம். அங்குள்ள கொழுப்புக் கரைந்து பள்ளம் விழலாம். அரிதாக, மருந்தின் அளவை மிகுதியாக உயர்த்த நேரலாம். மிக அரிதாக முகம் வீங்கி மூச்சுத் திணறும். அந்நிலையில் உடனே மருத்துவமனையை அடைதல் வேண்டும். 1982 முதல் நுண்ணுயிர்களைக் கொண்டு ஆக்கப்பெறும் மனித இன்சுலின் பயன்பாட்டுக்கு வந்தது. அதனால் விலங்குக் கணையத்தை நாடும் நிலை பெரிதும் நீங்கியது, ஒவ்வாமையும் குறைந்தது. இன்றும் பலர் உடலில் எதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன. பெரும்பாலும் அவற்றால் தீங்கில்லை.

எனவே, அரிப்புக்கு அஞ்சித் தாமாகவே ஊசியை நிறுத்துதல் கூடாது. கணையம் இன்சுலினை அறவே சுரக்காதவர்க்கு அது சில நாள்களிலேயே உயிருக்கு இறுதியாகும். இன்சுலின் வகையை மாற்றலாம். மருத்துவர் கண்காணிப்பில் மிகச் சிறிய அளவில் தொடங்கி உடலைப் பழக்கலாம். வழிகள் உள்ளன, மருத்துவரிடம் மறையாது கூறுதலே நாம் செய்ய வேண்டுவது.