தீராத இடுப்பு வலியா? படுக்காதீங்க... நடங்க!

திருப்பூர் பனியன் கம்பெனி டெய்லருக்கு நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. லோடுமேனுக்கோ குனிந்து நிமிர்வதே பிழைப்பு. இடுப்பு பிடித்துக்கொண்டால் வீட்டில் சொல்வது, 'அசையாம படு'. படுத்தால் கூலி போச்சு. வலியாவது போகுமா? அதுவும் போகாது!

நாள் கணக்கில் படுத்தால் முதுகு தசை பலம் இழக்கும். எழுந்தால் முன்பைவிட வலிக்கும். பயந்து மறுபடி படுக்கை. 3 மாதத்தை தாண்டிய வலியில், அசைந்தால் வலிக்கிறது என்பதற்காக உள்ளே ஏதோ உடைந்துபோச்சு என்று அர்த்தமில்லை.

2023-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் உடற்பயிற்சியை சிபாரிசு செய்கிறது. பலரும் காசு கொடுத்து வாங்கி மாட்டும் இடுப்பு பெல்ட்டை வழக்கமாக போட வேண்டாம் என்கிறது.

ஆஸ்திரேலியாவில் வலி வந்து குணமான 701 பேரிடம் நடத்திய ஆய்வு 2024-ல் வெளியானது. சும்மா இருந்த அணியில் பாதி பேருக்கு 112 நாளில் வலி திரும்பியது. நடைப்பயிற்சி அணியில் அதற்கு 208 நாள் ஆனது.

முதலில் 10 நிமிஷம் போதும். மெல்ல கூட்டி, வாரம் 5 நாள், அரை மணி நேரம். லேசா வலிச்சா நிறுத்தாதீங்க. மறுநாள் வலி கூடினா தூரத்தை குறைச்சுக்கலாம். டீ டைமில் உட்காராம நாலு எட்டு நடங்க.

கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ நடை வேண்டாம். உடனே பெரியாஸ்பத்திரிக்கு போங்க.