பத்திரிகாசிரியருக்கு ஒரு கடிதம்

தெருவில் சாக்கடை வழிகிறது, விளக்கு எரியவில்லை, குழாயில் நீர் வரவில்லை. பெங்களூரில் குடியேறி வாழும் நாம் இவற்றைக் கூடிப் பேசிக் கலைகிறோம். பேச்சு தீர்கிறது, குறை தீர்வதில்லை. அதையே பத்திரிகாசிரியருக்கு எழுதினால் என்ன?

ஊர் விட்டு வாழ்வோருக்கு இது புதிய வழியன்று. மகாகவி பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். பிரிட்டிஷ் எல்லைக்குள் திரும்பினால் சிறை காத்திருந்தது. அந்நாட்களில் அவர் சென்னை 'ஹிந்து' பத்திரிகாசிரியருக்கு ஆங்கிலத்தில் கடிதங்கள் எழுதினார். தமிழே உயிரெனக் கொண்ட அவர் ஆங்கிலத்தை நாடியதேன்? ஆள்வோர் படித்தது அம்மொழி அன்றோ! யார் செவியில் விழ வேண்டுமோ, அவர் மொழியில் எழுதுவதே முதல் விதி.

பெங்களூரில் 1948-இல் தோன்றிய 'பிரஜாவாணி' கன்னடத்திலும், 'டெக்கான் ஹெரால்டு' ஆங்கிலத்திலும் வெளிவருகின்றன. கன்னடம் எழுத வராதாயின் அடுத்த வீட்டுக் கன்னட நண்பரின் துணையை நாடுவோம். அவரும் கையொப்பமிட்டால், தமிழர் குறை என்று ஒதுக்கப்படக்கூடியது தெருவின் குறையாகிவிடும்.

அடுத்து, பொறுப்பு யாருடையது என்று தெளிவோம். குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் 1964-இல் அமைந்த குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தவை. மழைநீர்க் கால்வாயும் தெருவிளக்கும் மாநகராட்சியின் பொறுப்பு. ஒருவர் பிழையை மற்றொருவர் மேல் சுமத்தினால் கடிதம் பயனற்றுப் போகும். விவரம் வேண்டுமெனில் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பிக்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும்.

"எங்களை யாரும் கவனிப்பதில்லை" என்று எழுதுவதால் பயனில்லை. "எங்கள் தெருவில் 12 நாட்களாக ஐந்து விளக்குகள் எரியவில்லை, இருமுறை புகார் செய்தோம், இத்தேதிகளில் செய்தோம், இவ்வாரத்திற்குள் சீர் செய்ய வேண்டுகிறோம்" என்று எழுதினால் அதிகாரி விடை சொல்லியே ஆகவேண்டும். ஒரு கடிதத்திற்கு ஒரு பொருளே போதும். 150 சொற்களுக்குள் முடிப்பது நன்று. வெளிவந்த செய்திக்கு மறுமொழியாயின், அதன் தலைப்பையும் தேதியையும் முதல் வரியிலேயே குறித்து, ஓரிரு நாட்களுக்குள் அனுப்பிவிட வேண்டும். பெயரும் முகவரியும் இல்லாத கடிதத்தை ஆசிரியர்கள் ஏற்பது அரிது.

இன்னொன்றும் உண்டு. காவிரிச் சிக்கலை ஒட்டி 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் இந்நகரில் கலவரம் மூண்டதை நாம் மறக்கவில்லை. அத்தகைய நாட்களில் செவிவழிச் செய்தியைக் கடிதத்தில் ஏற்றுவது நெருப்பில் நெய் வார்ப்பதாகும். கண்டதை மட்டுமே எழுதுவோம். சினத்தோடு எழுதியதை ஓரிரவு வைத்திருந்து, காலையில் படித்துப் பார்த்து அனுப்புவோம்.

முதற் கடிதம் வெளிவராமற் போகலாம். அதனால் சோர்ந்துவிடலாகாது. குறை நீடிக்குமாயின் புதிய தேதியும் புதிய விவரமும் சேர்த்து மீண்டும் எழுதுவோம். வாழும் ஊரின் குறையைப் பெயர் சொல்லி எழுதுகிறவர் அவ்வூருக்கு அயலார் அல்லர்.