பட்டம் உண்டு, குடியுரிமை இல்லை

கோவைக்கு மேற்கே சிறுவாணிச் சாலையிலுள்ள பூலுவப்பட்டி, பொள்ளாச்சிப் பகுதியின் ஆழியாறு, கோட்டூர், ஈரோடு மாவட்டத்தின் பவானிசாகர், அறச்சலூர் ஆகிய ஊர்களின் இலங்கைத் தமிழர் முகாம்களில், 1983-இல் இலங்கையில் போர் மூண்டபின் கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரிப் படிப்பை முடித்து வெளிவருகிறார்கள். அரசு வழங்கும் பணக்கொடைக்கும் அரிசிக்கும் இதில் பங்குண்டு என்றாலும், மாற்றத்தின் உந்துவிசை பெரும்பாலும் முகாம்களுக்குள்ளிருந்தே எழுந்தது. 1984-இல் அகதிகளே தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், உதவி பெறுபவரே அதனை நடத்துபவராகவும் ஆக வேண்டும் என்ற கொள்கையோடு, முகாமில் படித்தவர்களைக் கொண்டு பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துதல், பெண்களைச் சேமிப்புக் குழுக்களாகத் திரட்டுதல், குழந்தைகளின் ஊட்டக்குறைவைப் போக்கப் புரதம் மிக்க சுருள்பாசியை வளர்த்தல் ஆகிய பணிகளைப் பரப்பியது. 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் நிகழ்ந்த ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் உயர்கல்வி இடங்கள் நிறுத்தப்பட்டு, தன்னார்வ அமைப்புகள் முகாமுக்குள் வருவதும் தடுக்கப்பட்ட காலத்திலும் கல்வியின் மீதான பிடிப்பு தளரவில்லை. 1996-இல் அவ்வாய்ப்பு மீண்டும் திறந்தபோது அதனைப் பற்றிக்கொள்ள ஒரு தலைமுறை ஆயத்தமாக இருந்தது.

ஆகவே, இம்மக்களிடையே தலைமைப் பண்பை வளர்க்க வேண்டும் என்று கூறித் தொடங்கும் பயிற்சித் திட்டங்கள் பலவும் சிக்கலைத் தவறான இடத்தில் தேடுகின்றன. தலைமை அங்கே முன்னரே உள்ளது. வருவாய்த்துறைக்கும் குடும்பங்களுக்கும் இடையே நின்று பேசும் முகாம் தலைவர், சேமிப்புக் குழுவின் கணக்கை எழுதும் பெண், மாலை வகுப்பு எடுக்கும் இளைஞர் ஆகியோர் அதற்குச் சான்று. ஆனால் அத்தலைமை முகாமின் வேலியைத் தாண்டியதும் செல்லாததாகிவிடுகிறது.

இதனை விளங்கிக்கொள்ள, கோவைக்கு அருகிலேயே உள்ள நீலகிரியை நோக்கினால் போதும். 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கையின் மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க இசைந்தது. அவ்வாறு கப்பலில் உரிய ஆவணங்களுடன் வந்தோர் 'தாயகம் திரும்பியோர்' எனப்பட்டனர். அவர்களுக்கென நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. அனைத்திற்கும் மேலாக, வாக்களிக்கவும் தேர்தலில் நிற்கவும் உரிமை கிடைத்தது. அதே மலையகத்தில் அதே உழைப்பில் வளர்ந்து, 1983-க்குப் பின் ஆவணமின்றிப் படகில் வந்தவர்களோ சட்டத்தின் பார்வையில் முற்றிலும் வேறான மக்களாயினர். அண்ணன் குடிமகனாகவும் தம்பி அகதியாகவும் பிரிந்துபோகக் காரணம் அவர்கள் வந்த ஆண்டும் வழியுமே அன்றி வேறில்லை.

இந்தியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதி எனும் நிலைக்கெனத் தனிச் சட்டமும் இங்கு இல்லை. 2003-இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம், உரிய ஆவணமின்றி வந்தவரைச் 'சட்டவிரோதக் குடியேறி' என வகைப்படுத்தி, நீண்டகாலம் வாழ்ந்ததன் அடிப்படையில் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறும் வழியை அடைத்தது. இந்திய மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்ற விதியும் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர்களோடு முடிந்துவிட்டதால், முகாமில் பிறந்து கொங்குத் தமிழ் பேசி வளர்ந்த இளையோர் பெரும்பாலானோருக்கு இந்நாடும் சொந்தமில்லை. இலங்கையும் அவர்கள் கண்டறியாத நாடு. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை.

2021-இல் தமிழ்நாடு அரசு முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயரிட்டு, குடும்பத் தலைவருக்கான மாதப் பணக்கொடையை ரூ.1,500 ஆக உயர்த்தி, 7,469 வீடுகள் கட்டும் திட்டத்தையும் அறிவித்தது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் முகாமின் அன்றாடம் இன்னும் வருகைப் பதிவைச் சுற்றியே அமைகிறது. முகாம் ஆண்களின் முதன்மைத் தொழில் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பது. வேலைக்காகத் தொலைவூர் சென்றவர்கள் கணக்கெடுப்பு நாளில் முகாமுக்குத் திரும்பியாக வேண்டும், தவறினால் உதவித்தொகையும் பதிவும் கேள்விக்குள்ளாகும். ஊரை விட்டு நீங்கவே அஞ்சுபவர் ஒரு சங்கத்தையோ இயக்கத்தையோ கட்டியெழுப்புவது எங்ஙனம்?

பட்டதாரிகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. அரசுப் பணி அவர்களுக்கு இல்லை. கடவுச்சீட்டு இல்லாமையால் வெளிநாட்டு வேலையும் இல்லை. சட்டம் படித்தவர்கள்கூட, 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் குடியுரிமையை முதல் தகுதியாக வைத்திருப்பதால், நீதிமன்றத்தில் வாதாட இயலாது. தன் உரிமைக்காக வழக்காட வேண்டிய ஒரு சமூகம், தன்னுள் ஒரு வழக்கறிஞரை உருவாக்கிக்கொள்ள முடியாத நிலையைவிடக் கொடிய முடக்கம் வேறு இருக்க முடியாது. பட்டம் பெற்ற அண்ணன் பெயிண்ட் வாளியைத் தூக்குவதைப் பார்த்து வளரும் தம்பி, பள்ளியை இடையில் விடுவானாயின் அதற்கு அவனைக் குறைகூற எவருக்கும் தகுதியில்லை. குடியுரிமை என்ன மாற்றத்தைத் தரும் என்பதற்குக் கனடா சான்று. 1986-இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் தத்தளித்து மீட்கப்பட்ட 155 ஈழத்தமிழரைக் கனடா ஏற்றுக்கொண்டது. அந்நாட்டில் குடியுரிமை பெற்ற தமிழ்ச் சமூகத்திலிருந்து 2011-இல் ஒரு பெண் நாடாளுமன்றம் சென்றார். அதே போரிலிருந்து தப்பி அதே காலத்தில் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் ஊராட்சித் தேர்தலில்கூட வாக்களிக்க இயலவில்லை.

இலங்கைக்குத் திரும்புவதே நிலையான தீர்வு, இங்கே குடியுரிமை அளித்தால் இலங்கையில் தமிழரின் எண்ணிக்கை வலு குறையும் என்போரும் உண்டு. ஆனால் இலங்கையையே கண்டறியாத தலைமுறைக்கு அது திரும்புதல் ஆகாது; அவர்களுக்கான தீர்வை இங்கேயே தேட வேண்டும்.

2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரை, ஆவணமின்மைக்கான தண்டனையிலிருந்து விலக்கும் ஒன்றிய அரசின் ஆணை 2025 செப்டம்பரில் வெளியானது. அது அச்சத்தைக் குறைத்ததேயன்றிக் குடியுரிமையைத் தரவில்லை. அடுத்த அடியை மலையக வம்சாவளியினரிடமிருந்து தொடங்கலாம். 65 பேர் தொடுத்த வழக்கில் 2019 ஜூனில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு கூறியதும், ஒப்பந்தக் காலத்துப் பதிவுகள் இருப்பதும் இதற்கு இடமளிக்கின்றன. முகாம்தோறும் எவர் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார், எந்த ஆவணம் கைவசம் உள்ளது, எது தொலைந்தது எனத் தொகுக்கும் பணியை வெளியாரிடம் ஒப்படைக்காமல், பூலுவப்பட்டியிலும் பவானிசாகரிலும் பட்டம் பெற்று அமர்ந்திருக்கும் இளைஞரிடமே உரிய ஊதியத்துடன் ஒப்படைக்க வேண்டும். குடும்பங்களின் வரலாற்றையும் மொழியையும் அறிந்த அவர்களே அதனை விரைவிலும் பிழையின்றியும் செய்து முடிப்பார்கள்.